'பிரகடனம்' எனப் பெயர் பெற்ற ஒஸ்லோ அறிக்கை

இலங்கை அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான மூன்றாம் சுற்றுப் பேச்சுவார்த்தை 2002ஆம் ஆண்டு டிசம்பரில் நோர்வே தலைநகர் ஒஸ்லோவில் நடைபெற்றது. அதன் இறுதியில், டிசம்பர் 5ஆம் திகதி, அனுசரணையாளரான நோர்வே அரசாங்கம் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அந்த அறிக்கை 'ஒஸ்லோ பிரகடனம்' என்றே இன்றளவும் அழைக்கப்படுகிறது. ஆனால் அதில் எவரும் எதையும் பிரகடனம் செய்யவில்லை.

ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டிக் கட்டமைப்பை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழ்விடங்களில் உள்ளக சுயநிர்ணயக் கோட்பாட்டின்படி அமையும் தீர்வொன்றை 'எக்ஸ்ப்ளோர்' செய்வதற்கு, அதாவது ஆராய்ந்து பார்ப்பதற்கு, இரு தரப்பினரும் இணங்கினர் என்பதே அதன் மைய வாக்கியம். சமஷ்டித் தீர்வை ஏற்றுக்கொண்டனர் என்று அது கூறவில்லை.

ஆங்கில இராஜதந்திர மொழியில் இத்தகைய வினைச்சொற்கள் தற்செயலாக வந்து அமைவதில்லை. 'டிக்ளேர்' என்ற சொல்லைக் கையாள்பவர், தமது நிலைப்பாட்டை உலகறியச் செய்து அதற்குத் தம்மைப் பொறுப்பாளியாகவும் ஆக்கிக்கொள்கிறார். 'அனௌன்ஸ்' என்பது ஒரு செய்தியை அறிவிப்பது மட்டுமே. 'அஃபர்ம்' என்பது ஒரு கருத்தை உறுதிபடக் கூறுவது. அதனைச் செயற்படுத்துவதாக வாக்களிப்பது அல்ல. 'நோட்' இவை எல்லாவற்றிலும் பலவீனமானது. அச்சொல் ஆதரவையும் குறிக்காது, எதிர்ப்பையும் குறிக்காது என்பதை ஐ.நா. பொதுச் சபை 2001ஆம் ஆண்டில் ஒரு முடிவாகவே பதிவு செய்ய வேண்டியிருந்தது.

தமிழ்ச் செய்தியில் இவை பெரும்பாலும் 'தெரிவித்தது' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. 'ஸ்டேட்மென்ட்', 'ரிப்போர்ட்' ஆகிய இரண்டும் 'அறிக்கை' ஆகின்றன. செய்தி நேரம் நெருங்கும்போது மொழிபெயர்ப்பவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல.

அமெரிக்காவும் சீனாவும் இராஜதந்திர உறவை ஏற்படுத்திக்கொண்ட கூட்டறிக்கை 1979 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதில் மக்கள் சீனக் குடியரசின் அரசாங்கத்தையே சீனாவின் ஒரே சட்டபூர்வ அரசாங்கமாக அமெரிக்கா 'ரெகக்னைஸ்' செய்தது, அதாவது அங்கீகரித்தது. தாய்வான் சீனாவின் ஒரு பகுதி என்ற சீன நிலைப்பாட்டையோ 'அக்னாலெஜ்' மட்டுமே செய்தது. அப்படி ஒரு நிலைப்பாடு இருப்பதை அறிவோம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை என்பது வாஷிங்டனின் வாதம். சீன மொழி வாசகத்திலோ இரண்டு இடங்களிலும் அங்கீகாரத்தைக் குறிக்கும் ஒரே சொல் இடம்பெற்றது. ஆங்கில வாசகமே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்கா கூறிவருகிறது. தாய்வான் தொடர்பான சர்ச்சையில் இந்த ஒரு சொல் இன்னமும் ஓயவில்லை.

ஒஸ்லோ அறிக்கைக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். இங்கு மூல வாசகம் மாறவில்லை. அதன் பெயர்தான் மாறியது. புலிகள் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டனர் என்ற தொனியில் சர்வதேச ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. 2003 ஜூன் மாதம் டோக்கியோவில் நடைபெற்ற உதவி வழங்கும் நாடுகளின் மாநாட்டைப் புலிகள் புறக்கணித்தனர். அங்கு நிறைவேற்றப்பட்ட பிரகடனமோ, சமஷ்டி அடிப்படையிலான சமாதானத்தில் இரு தரப்பும் கொண்டிருக்கும் அர்ப்பணிப்பைப் பாராட்டியது. 'ஒஸ்லோ பிரகடனம்' என்ற பெயரையும் அதுவே சர்வதேச ஆவணமொன்றில் பதித்து, அதன் கோட்பாடுகளை நோக்கிய முன்னேற்றத்தை உதவியுடன் தொடர்புபடுத்தியது. ஆராய்வதற்கான இணக்கம், ஆறு மாதங்களில், உதவிக்கான அளவுகோலாகிவிட்டது. ஆராய்வதற்கு மட்டுமே இணங்கியதாகப் புலிகளின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் பின்னர் விளக்கமளித்த போதிலும், பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அந்த அறிக்கையை முழுமையாக வாசித்தவர்களைவிட, அதன் பெயரைக் கொண்டு வாதாடியவர்களே அதிகம்.

2015 அக்டோபர் முதலாம் திகதி, ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை தொடர்பான 30/1 தீர்மானத்தை வாக்கெடுப்பின்றி நிறைவேற்றியது. இலங்கை அரசாங்கமே அதற்கு இணை அனுசரணை வழங்கியது. வெளிநாட்டு நீதிபதிகள் பங்கேற்பார்கள் என்ற நம்பிக்கை புலம்பெயர் தமிழர் மத்தியில் எழுந்தது. தீர்மானத்தின் வாசகமோ, இலங்கையின் நீதிப் பொறிமுறையில் அவர்கள் பங்கேற்பதன் முக்கியத்துவத்தை 'அஃபர்ம்' செய்தது. பங்கேற்க வேண்டும் எனப் பேரவை முடிவெடுக்கவில்லை. அந்தப் பொறிமுறையை நிறுவுவதும் கொழும்பின் யோசனையாகவே குறிப்பிடப்பட்டிருந்தது. நான்கு மாதங்கள் கழிவதற்குள், 2016 ஜனவரியில், வெளிநாட்டு நீதிபதிகள் தேவையில்லை என அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கூறினார். 2020 பெப்ரவரியில் இணை அனுசரணையிலிருந்து விலகுவதாக, புதிதாகப் பதவிக்கு வந்திருந்த அரசாங்கம் ஜெனீவாவில் அறிவித்தது. வெளிநாட்டு நீதிபதிகள் எவரும் அதுவரை நியமிக்கப்பட்டிருக்கவில்லை.