புள்ளி விழுந்த கட்டம்

நான்கு கட்டங்கள். இரண்டாவதில் 'த்' விழுந்திருக்கிறது, நான்காவதில் 'ம்'. குறிப்பைப் படிக்காமலே இதில் எவ்வளவு தூரம் போகலாம்?

மூன்றாவது கட்டத்தில் த வரிசை எழுத்துதான் வந்தாக வேண்டும். விடை பெயர்ச்சொல்லாக இருந்தால் கடைசி 'ம்'முக்கு முன்னால் பெரும்பாலும் அகரம் நிற்கும். ஆக, மூன்றாம் எழுத்து 'த'. மிச்சமிருப்பது முதல் கட்டம் மட்டுமே: சத்தம், முத்தம், சுத்தம், பித்தம், யுத்தம், மொத்தம், ரத்தம். தெரிந்த சொற்கள் தீர்ந்தபின் வேறு சில எட்டிப் பார்க்கும்: வித்தம், மத்தம், அத்தம். குறிப்பில் 'செல்வம்' என்றிருந்தால் வித்தம். 'ஊமத்தை' என்றிருந்தால் மத்தம். 'பாலை நிலத்துப் பாதை' என்றிருந்தால் அத்தம். சங்க இலக்கியத்தில் பொருள் தேடிப் போகிற தலைவன் கடக்க வேண்டிய கொடிய வழி அது. சொல் முதலில் கைக்கு வந்துவிடுகிறது, பொருள் பிறகு வருகிறது. குறுக்கெழுத்து புதுச் சொற்களைக் கற்றுத்தரும் முறையே இப்படித் தலைகீழானதுதான்.

இந்த விளையாட்டு பிறந்தது தமிழுக்காக அல்ல. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்தர் வின், 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழின் ஞாயிறு இணைப்புக்காக 1913 டிசம்பர் 21 அன்று வைர வடிவக் கட்டம் ஒன்றைப் போட்டார். அவர் வைத்த பெயர் 'வேர்ட்-கிராஸ்'. சில வாரங்களில் அச்சில் முன்பின்னாக மாறி 'கிராஸ்-வேர்ட்' ஆயிற்று, அப்படியே நிலைத்தும் விட்டது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அவர் ஏற்பாடு. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. நம்மிடம் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. கிரந்த எழுத்துகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். கட்டம் அதேதான், ஆனால் அதற்குள் போகிற பொருள் வேறு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரிந்தால் கொஞ்சம் தெரியும். தமிழில் 'ளை' என்று ஒரு கட்டம் நிரம்பினால் மெய்யும் உயிரும் சேர்ந்தே தெரிந்துவிடுகின்றன.

அதைவிடப் பெரிய உதவி புள்ளி எழுத்திடமிருந்து கிடைக்கிறது. பள்ளியில் மெய்ம்மயக்கம் என்ற பாடத்தைப் பலர் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்திருப்போம். குறுக்கெழுத்துப் பிரியர்களுக்கு அதுதான் சாவிக்கொத்து. க், ச், த், ப் ஆகிய நான்கும் தம் வரிசை எழுத்தை மட்டுமே அடுத்து நிற்கவிடும்: பக்கம், பச்சை, பத்து, உப்பு. 'ங்' வந்தால் அடுத்தது க வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். 'அங்ஙனம்' போன்ற ஒன்றிரண்டுதான் விலக்கு. 'ட்', 'ற்' இரண்டும் சற்றுத் தாராளம். தம்மோடு க, ச, ப வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளும்: வெட்கம், காட்சி, நட்பு. கற்க, பயிற்சி, கற்பு. ர், ழ் இரண்டும் ஒருபோதும் இரட்டிக்காது. இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து நின்றால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்று: பாய்ச்சல், வேர்க்கடலை, வாழ்த்து. ஒரு 'த்' தெரிந்ததும் அடுத்த கட்டத்துக்கான 247 வாய்ப்புகள் 12 ஆகச் சுருங்குகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு இணை தேடினால் 'க்யூ'வுக்குப் பின் 'யூ' வரும் என்பது ஒன்றுதான் சட்டென்று அகப்படும்.

இந்தச் சுருக்கம் இரண்டு திசையிலும் நடக்கும் என்பதுதான் அழகு. இடமிருந்து வலம் 'பித்தளை', மேலிருந்து கீழ் 'சித்தப்பா', இரண்டும் 'த்'தில் வெட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கட்டம் நிரம்பியதுமே அதன் வலப்பக்கமும் த வரிசை, அதன் கீழும் த வரிசை.

புதிரை விடுவிப்பவருக்கு இத்தனை சலுகை செய்கிற புள்ளி, புதிர் அமைப்பவரைப் பாடாய்ப் படுத்தும். எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. ண, ள, ழ, ற, ன ஆகியவற்றின் உயிர்மெய்களும் சொல்லுக்கு முதலில் வாரா. மொழி முதலில் இன்னின்ன எழுத்துகள்தான் வரும், இறுதியில் இன்னின்னதான் வரும் என்று 'நன்னூல்' எழுதிய பவணந்தியார் பட்டியலிட்டே வைத்துவிட்டார். வல்லின மெய்யில் சொல் முடியவும் கூடாது. ஆகவே குறுக்காக 'மரம்' என்று எழுதினால், 'ம்' விழுந்த கட்டத்திலிருந்து கீழ்நோக்கி எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. 'பழம்' என்று எழுதினால் நடுக் கட்டமும் அடைபட்டுவிடும். ஆங்கிலக் கட்டங்களைவிடத் தமிழ்க் கட்டங்களில் கறுப்பு அதிகமாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம்.

தமிழ் இதழ்களில் 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்று இரண்டு உபரித் திசைகள் இருப்பதையும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். 'மரம்' என்ற சொல்லின் 'ம்'முக்குக் கீழே 'ட', அதற்குக் கீழே 'ப'. கீழிருந்து மேலாகப் படித்தால் 'படம்'. தொடங்க முடியாத இடத்தில் முடிக்கலாம் அல்லவா? தூய்மைவாதிகள் இதைக் குறுக்குவழி என்பார்கள். எனக்கு இது மொழியின் இயல்புக்குக் கட்டத்தை வளைத்த கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது. 'குழம்பியிருக்கிறது' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு எழுத்துகளைக் கலைத்து அடைப்பதுதான் சோம்பேறித்தனம்.

விதிகளை நம்பிக் கண்மூடிப் போனால் ஓரிடத்தில் இடறும். சக்தி, பக்தி, சப்தம் போன்ற வடசொற்களுக்கும் டாக்டர் போன்ற ஆங்கிலச் சொற்களுக்கும் மெய்ம்மயக்கம் தெரியாது. 'க்'குக்குப் பின் 'தி' உறுதியாக விழுந்திருந்தால் தவறு செய்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். வந்திருப்பது வெளியூர்ச் சொல், அவ்வளவுதான்.

1930களில் ஆனந்த விகடனில் எஸ்.எஸ். வாசன் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தினார். இதழின் விற்பனை ஏறியதில் அவற்றுக்கும் பங்குண்டு. நாடெங்கும் இத்தகைய போட்டிகள் பெருகின. பணம் வந்ததும் புதிரின் இலக்கணம் மாறியது. '_லை' என்று இரண்டு கட்டம், முதல் கட்டத்தை வேறெந்தச் சொல்லும் வெட்டவில்லை என்று வையுங்கள். மலை, கலை, அலை, சிலை, நிலை, வலை, விலை, உலை, தலை, இலை. 'மனிதனை இது தடுமாற வைக்கும்' என்று குறிப்பு எழுதினால் இதில் எதுவும் பொருந்தும். சரியான விடை உறையில் முத்திரையிட்டுக் கிடக்கும். அறிவாளியும் மற்றவரும் அங்கே சமம். இது புதிரா, சூதா?

நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளுக்குத் தடை. சட்டத்தின் வரையறையிலேயே குறுக்கெழுத்துக்குப் பெயர் சொல்லி இடம் உண்டு. போட்டி நடத்தியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1957இல் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் அதிர்ஷ்டத்தால் வெற்றி தீர்மானமாகிற போட்டிகளுக்குத்தான், திறமை பெரிதும் தேவைப்படுவனவற்றுக்கு அல்ல என்று பிரித்துச் சொன்னது. கட்டத்தை வைத்துப் பார்த்தாலே அந்தப் பிரிவு விளங்கும். ஒவ்வொரு எழுத்தையும் இன்னொரு சொல் வெட்டிச் சரிபார்க்குமானால் அது திறமை. வெட்டாத கட்டத்தில் பத்துச் சொல் பொருந்துமானால் அது சீட்டுக் குலுக்கல்.

நல்ல குறிப்பு எழுதும் கலைக்கு நம்மிடம் பழைய சரக்கு நிறையவே இருக்கிறது. திவாகரம், பிங்கலந்தை, மண்டலபுருடரின் சூடாமணி ஆகிய நிகண்டுகள் ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களையும் ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களையும் தொகுத்து வைத்திருக்கின்றன. முதல் வகை நேரடிக் குறிப்புக்கு. 'யானை' என்று கேட்டு இரண்டு கட்டம் கொடுத்தால் கரி. மூன்று என்றால் வேழம், களிறு, கயம், தும்பி. நான்கு என்றால் வாரணம், உம்பல், கறையடி. உரல் போன்ற பாதம் உடையது என்பதால் கறையடி. கறை என்றால் உரல். இரண்டாம் வகை ஏமாற்றுக் குறிப்புக்கு. கரி என்பது அடுப்புக்கரியும்தான், சாட்சியும்தான். வேழம் என்றால் மூங்கில், கரும்பு என்றும் பொருள் உண்டு. 'கூண்டேறிய யானை' என்ற குறிப்பில் நீதிமன்றக் கூண்டைப் பார்த்தவருக்கு விடை கிடைக்கும், சர்க்கஸ் கூண்டைப் பார்த்தவர் தவிப்பார்.

சித்திரகவி பாடிய புலவர்களும் இந்த வேலையைத்தான் செய்தார்கள். ஒரு சொல்லிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக நீக்கிப் புதுப்புதுச் சொல் வரவழைப்பது அக்கரச்சுதகம். நெடிலைக் குறிலாக்கிப் பொருளை மாற்றுவது மாத்திரைச் சுருக்கம். மாலை மலையாகும், பாடம் படமாகும். சிறு சிறு வினாக்களுக்கு வந்த விடைகளைச் சேர்த்தால் பெரிய வினாவுக்கு விடை வருவது வினாவுத்தரம். இவற்றை இன்றைய கட்டத்தில் அப்படியே வைக்கலாம். 'தலை போன குதிரை கடலில்' என்றால் திரை. குதிரையில் முதல் எழுத்து போனால் மிஞ்சுவது அலையைக் குறிக்கும் சொல். 'சோலையில் தேன் சேர ஆறு ஓடும்' என்றால் காவேரி. கா என்றால் சோலை என்பது பலருக்குத் தெரியும். வேரி என்றால் தேன், கள், நறுமணம் என்று இந்தக் குறிப்பால்தான் சிலர் தெரிந்துகொள்வார்கள்.

இப்போது விளையாட்டு கைப்பேசிக்கு வந்துவிட்டது. ஜோஷ் வார்டில் 2021இல் வெளியிட்டு, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய, ஊகித்த எழுத்து சரியா தவறா என்று நிறத்தால் காட்டும் 'வேர்டில்' தமிழுக்கு வரும்போது பழைய எழுத்துச் சிக்கல் புது உருவில் நிற்கிறது. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நிரலாளர் இதைக் கவனிக்காவிட்டால் கட்டக் கணக்கே தப்பும். ஊகித்தது 'கி', விடை 'கு' என்றால் மெய் சரி, உயிர் தவறு; இதற்கு என்ன நிறம் காட்டுவது? பாதி சரி என்பதற்குத் தனி நிறம் தருவதுதான் நியாயம்.

கடைசியாக, அகராதி. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்று தொடையகராதி. எதுகை பார்த்துச் சொல் தேடும் வசதி அதில் இருக்கிறது; இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்து தவிப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றாடச் சொல் என்றால் க்ரியாவின் அகராதி போதும். அரிய சொல்லுக்கு சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைத் திறக்க வேண்டும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், பல பொருள்களுக்குப் பின்னால் அது எந்த நூலில் வந்தது என்ற குறுக்கக் குறி. அந்தக் குறி 'பிங்.' அல்லது 'சூடா.' என்று மட்டும் இருந்தால், பொருளுக்குச் சான்றாக அகராதி காட்டுவது நிகண்டு ஒன்றைத்தான், யாரும் எழுதிய ஒரு வரியை அல்ல. அத்தகைய சொல்லைக் கட்டத்தில் வைப்பவர், குறுக்கே வெட்டும் சொற்களையாவது எளிதாக வைத்துவிட வேண்டும்.