பெருங்கணினிக்கும் நேரம் தவறக்கூடாது

பூச்சோங்: 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். முள்ளைத் திருப்பினோம், வேலை முடிந்தது. கணக்குகளைச் சுமக்கும் யூனிக்ஸ் பெருங்கணினியில் அப்படித் திருப்ப முடியாது. நேரம் பின்னே போனால், பணம் போட்டது முதலா எடுத்தது முதலா என்பதே குழம்பிவிடும்.

அதற்காக வந்ததுதான் 1985இல் டேவிட் மில்ஸ் வகுத்த என்டிபி. கணினி வலையமைப்பு வழியாக நேரம் கேட்கிறது. பிழை சிறிதென்றால், விநாடிக்கு அரை மில்லிவிநாடிக்கு மேல் போகாமல் மெதுவாகச் சரிசெய்துகொள்கிறது.

வில்லங்கம் எங்கே? பிழை 1000 விநாடியைத் தாண்டினால் என்டிபி நிரல் திருத்தாமல் நின்றுவிடும். நம் நேரத்தை உலக நேரமாகப் பதித்துவிட்டால் வித்தியாசம் 8 மணி, அதாவது 28,800 விநாடி. நிரல் நின்றதே தெரியாமல் நாள்கள் ஓடும். ஆகவே மற்ற வேலைகள் தொடங்குமுன் நேரத்தை ஒருமுறை கையால் சரியாக வைத்து, பிறகே நிரலைத் தொடங்குங்கள். நேர மூலம் நான்காவது கொடுங்கள். இரண்டு மட்டும் முரண்பட்டால் எது பொய் என்று கணினிக்குத் தெரியாது.

மலேசியத் தர நேரத்தைக் காப்பது செப்பாங், சாலாக் திங்கியிலுள்ள தேசிய அளவியல் கழகம். பூச்சோங்கிலிருந்து எட்டும் தூரம்தான். ஆனாலும் யுடிபி 123ஆம் போர்ட்டைத் தீச்சுவர் அடைத்திருந்தால் அந்த நேரம் உங்கள் கணினிக்கு வந்து சேராது.