அதிபாரம்

'ஒரு கடகம் மாம்பழம் ஆச்சிக்கு அதிபாரமாயிற்று' என மாணவன் ஒருவன் கட்டுரையில் எழுதியிருந்தான். 'அதி' என்பதைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டேன். ஒரு கடகத்துக்கு அத்துணைப் பெருஞ்சொல் வேண்டாம் என்பது என் கருத்து. பிழைத்தவன் அவனல்லன், யானே என்பது பின்னரே தெளிந்தது.

பாரம் என்பது வடசொல். சுமை என்னும் பொதுப்பொருளோடு நிறைப்பெயராகவும் அது வழங்கியது. 100 பலம் ஒரு துலாம். 20 துலாம் ஒரு பாரம். 'அதி' என்பது கடத்தலைக் குறிக்கும் முன்னொட்டு. ஆயின், 2000 பலத்தைக் கடந்ததே அதிபாரம் எனலாமோ எனின், வழக்கு அதற்கு இடந்தராது. கடப்பது நிறைகல்லை அன்று, சுமப்பதன் வலியை.

வள்ளுவர் இதனை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தமை நோக்கத்தக்கது. அவர் வண்டியில் ஏற்றியது கல்லன்று, இரும்பன்று, மயிற்பீலி. அதுவும் அளவிறந்து ஏறின் அச்சு முறியும். 'சாகாடும்' என்புழி நின்ற உம்மை, வண்டியின் வலிமையையும் பீலியின் நொய்ம்மையையும் ஒருங்கே சிறப்பிப்பது எனப் பரிமேலழகர் நுட்பங்கண்டார். துறவு அதிகாரத்திலோ, பிறப்பறுக்க முயல்வார்க்கு உடம்புதானும் மிகை என்றார் வள்ளுவர். மற்றையோர் யாவரும் சுமையென்றே எண்ணாத ஒன்று அது!

வண்டிற்காரர் முன்பாரம், பின்பாரம் என இரண்டு கூறுவர். முன்னே மிகின் நுகம் எருதின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகின் நுகம் மேலெழ, கழுத்துக்கயிறு இறுகும். மூட்டைகள் அவையே, நிறையும் அதுவே. வைத்த இடம் பிழைத்தமையால் எருதுக்கு அது பொறுக்கலாகாப் பாரம்.

யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் எஞ்சியுள்ள சுமைதாங்கிகளையும் காண்க. இரு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருப்பர். பிறர் துணையின்றித் தலைச்சுமையை இறக்கி ஏற்றுதற்கு ஏற்ற உயரம். சூலோடு இறந்த மகளிரின் நினைவாக அவற்றை நாட்டுதல் மரபு. அம்மகளிர் இறக்காது போன சுமையை எந்தத் துலாத்தில் இட்டு நிறுப்பது?

மறுநாள் அம்மாணவனின் கொப்பியை வாங்கி, வெட்டிய 'அதி'யை மீள எழுதினேன்.

"ஆச்சிக்கு என்ன வயது?" என வினவினேன்.

"82, ஐயா" என்றான்.