கைப்பேசியின் இயங்குதளம் மாறும்போது பதிவுகளைக் காக்கும் முறை

கைப்பேசி இன்று பேசுவதற்கு மட்டும் உரிய கருவி அன்று. களப் பணியாளருக்கு அது அளவைக் குறிப்பேடு. ஆசிரியருக்குப் பெற்றோரின் முகவரிப் புத்தகம், பாடக் குறிப்புகளின் அலமாரி, பணப்பை ஆகிய யாவும் அதுவே. இவ்வளவையும் தாங்கிய கருவி பழுதடைவதாலோ, அலுவலகம் வேறொன்றை வழங்குவதாலோ மாற்றப்படும் காலம் எவருக்கும் வரக்கூடும். புதிய கருவி பழையதன் இனத்தைச் சேர்ந்ததாயின் மாற்றம் பெரும்பாலும் எளிது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐஓஎஸ்ஸிற்கோ, ஐஓஎஸ்ஸிலிருந்து ஆண்ட்ராய்டிற்கோ மாறும்போதுதான் இடர்ப்பாடுகள் தோன்றுகின்றன. பல வாரங்கள் ஊர் ஊராகச் சென்று திரட்டிய பதிவுகள் ஒரு நாழிகையில் அழிந்துபோகவும் கூடும். எவை இடம்பெயரும், எவை இடம்பெயரா, அதற்குக் காரணம் யாது என்பவற்றை அறிந்து உரிய வரிசையில் செயற்பட்டால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

இயங்குதளம் என்பது யாது?

கைப்பேசியின் மின்னணு உறுப்புகளுக்கும் அதில் பயன்படும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் மென்பொருளே இயங்குதளம். நினைவகத்தைப் பங்கிடுதல், கேமராவை இயக்குதல், திரையில் எழுத்துகளைக் காட்டுதல், ஒரு செயலியின் கோப்புகளை மற்றொன்று தீண்டாமல் காத்தல் ஆகியவை இதன் பணிகள். ஆப்பிள் நிறுவனம் 2007-இல் ஐபோனை வெளியிட்டது. அதன் இயங்குதளம் 2010 முதல் ஐஓஎஸ் என வழங்குகிறது. லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்ட ஆண்ட்ராய்டை கூகுள் நிறுவனம் வளர்த்தது; அதில் இயங்கும் முதற்கைப்பேசி 2008-இல் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் பயன்படும் கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டைச் சார்ந்தவை.

வேறு இயங்குதளங்களும் இருந்து மறைந்தன. விண்டோஸ் 10 மொபைலுக்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிவுற்றது. பிளாக்பெர்ரியின் பழைய இயங்குதளங்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-ஆம் நாள் நிறுத்தப்பட்டன. ஆகவே, இயங்குதளம் மாறுதல் என்பது எப்போதும் பயனரின் விருப்பத்தால் மட்டும் நிகழ்வதன்று.

இரு பாதைகள் சந்திக்கும் சந்திப்பு

இம்மாற்றத்தின் தன்மையை இந்திய இரயில்வேயின் வரலாற்றிலிருந்து எளிதில் விளக்கலாம். 1676 மில்லிமீட்டர் அகலமுள்ள அகலப் பாதையும், 1000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதையும் நாட்டில் நெடுங்காலம் அருகருகே நிலவின. இரண்டும் சந்திக்கும் நிலையங்களில் சரக்கு வண்டி அப்படியே அடுத்த பாதைக்குச் செல்ல இயலாது. மூட்டைகளை இறக்கி, மறுபுறம் நிற்கும் வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். மூட்டையாகக் கட்டப்பட்ட தானியம் விரைவில் மாறிவிடும். வண்டியோடு பிணைக்கப்பட்ட பொருள் மாறாது.

கைப்பேசியில் செயலி என்பது வண்டிக்கு நிகரானது. அது குறிப்பிட்ட ஓர் இயங்குதளத்தின் கட்டளைகளை நம்பியே எழுதப்படுகிறது. ஆதலால் ஆண்ட்ராய்டுக்குரிய செயலி ஐபோனில் ஓடாது. அதே பெயருடைய வேறொரு செயலியை அங்குப் புதிதாக நிறுவ வேண்டும். விலை கொடுத்து வாங்கிய செயலியாயின் பெரும்பாலும் மீண்டும் விலை கொடுக்க நேரும். செயலி கையாளும் தகவலே சரக்கு. அது பொதுவான வடிவில் கட்டப்பட்டிருந்தால் எளிதில் மாறும். செயலியின் சொந்த வடிவில் பூட்டப்பட்டிருந்தால் மாறாது.

எளிதில் இடம்பெயர்வன

பெயர்களும் தொலைபேசி எண்களும் முதலில் குறிப்பிடத்தக்கவை. வி-கார்டு என்னும் பொது வடிவம் 1990-களின் நடுப்பகுதியிலேயே வகுக்கப்பட்டது. இரு இயங்குதளங்களும் அதனைப் படிக்கும். நாட்காட்டிக் குறிப்புகளுக்கும் 1998 முதல் இத்தகைய பொது வடிவம் உண்டு. படங்களுக்கு ஜேபெக், அச்சிடத்தக்க ஆவணங்களுக்கு பி.டி.எஃப். ஆகியவை எங்கும் திறக்கும்.

இந்திய மொழி எழுத்துகள் சிதையாமல் மாறுவதற்குக் காரணம் யூனிகோடு ஆகும். 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளுக்கு இடம் அளிக்கப்பட்டது. யூனிகோடு வருவதற்கு முன் வழங்கிய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த பழைய பாடக் குறிப்புகளோ, உரிய எழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றை முன்னதாகவே யூனிகோடுக்கு மாற்றுவது, அல்லது எழுத்துருவை உட்கொண்ட பி.டி.எஃப். கோப்பாக ஆக்குவது நலம்.

ஆப்பிள் நிறுவனம் 2015-இல் 'மூவ் டு ஐஓஎஸ்' என்னும் செயலியை ஆண்ட்ராய்டு பயனர்களுக்கென வெளியிட்டது. புதிய ஐபோனை முதன்முறை அமைக்கும்போது திரையில் தோன்றும் குறியெண்ணைப் பழைய கருவியில் இட்டால், இரண்டிற்கும் இடையே தனிப்பட்ட வைஃபை இணைப்பு உண்டாகி, பெயர்கள், குறுஞ்செய்திகள், படங்கள், நாட்காட்டி முதலியன மாறுகின்றன. எதிர்த் திசையில், ஆண்ட்ராய்டு கருவியை முதன்முறை அமைக்கும்போது ஐபோனைக் கம்பியால் இணைத்துத் தகவலைப் பெறும் வசதி உள்ளது.

இடம்பெயர மறுப்பன

வாட்ஸ்அப் உரையாடல்கள் இவ்வகைக்கு நல்ல சான்று. ஆண்ட்ராய்டில் அதன் காப்புப் பிரதி கூகுள் கணக்கிலும், ஐபோனில் ஐகிளவுடிலும் சேமிக்கப்படுகிறது. ஒன்றில் எடுத்த பிரதியை மற்றொன்று மீட்காது. 2021-க்கு முன் இயங்குதளம் மாறியவர்கள் பழைய உரையாடல்களை இழக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஐபோனிலிருந்து சில ஆண்ட்ராய்டு கருவிகளுக்கும், 2022-இல் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கும் நேரடியாக மாற்றும் வழி ஏற்பட்டது. இதற்குத் தொலைபேசி எண் மாறாதிருத்தல் வேண்டும். மேலும், புதிய கருவியை முதன்முறை அமைக்கும்போதே இம்மாற்றத்தைச் செய்வது பாதுகாப்பானது. முதலில் ஐபோனை அமைத்துப் பழகிவிட்டுப் பின்னர் உரையாடல்களைக் கொணர முயல்பவர், ஐபோனைத் தொடக்க நிலைக்கு அழித்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

களப் பணியாளர் கருத வேண்டிய செய்தி இதனினும் முக்கியமானது. இணைய வசதியில்லாத சிற்றூர்களில் படிவங்களை நிரப்பி, பின்னர் வழங்கிக்கு அனுப்பும் செயலிகள் பல உள்ளன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008-இல் தோன்றிய ஓடிகே திட்டத்தின் 'கலெக்ட்' செயலி இவ்வகையினது. அது ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே உரியது. ஐபோனில் உலாவி வழியே வலைப்படிவங்களைத்தான் நிரப்ப இயலும். நிரப்பியும் அனுப்பாத படிவங்கள் அச்செயலிக்கென ஒதுக்கிய இடத்தில் தங்கியிருக்கும். செயலியை நீக்கினால் அவையும் உடன் அழியும். இடமாற்றச் செயலிகள் இவற்றைத் தீண்டுவதில்லை. எனவே, அனுப்பப்படாத படிவம் ஒன்றேனும் எஞ்சியிருக்கும்வரை கருவியை மாற்றலாகாது. அலுவலகம் விதித்துள்ள செயலி புதிய இயங்குதளத்தில் கிடைக்கிறதா என்பதையும் முன்னரே மேலலுவலரிடம் கேட்டறிதல் வேண்டும்.

பணப் பரிமாற்றச் செயலிகள் இடம்பெயராமைக்குக் காரணம் வேறு. அவை பாதுகாப்புக் கருதியே பெயராதபடி அமைக்கப்பட்டுள்ளன. 2016-இல் தொடங்கிய யுபிஐ முறையில் வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணுக்குரிய சிம் அதே கைப்பேசியில் இருப்பதை ஒரு குறுஞ்செய்தி மூலம் செயலி உறுதி செய்துகொள்கிறது. புதிய கருவியில் இதனை மீண்டும் செய்ய வேண்டும். ஆகையால் சிம்மைப் புதிய கருவியில் இட்டு, குறுஞ்செய்தி அனுப்பும் வசதி அந்த எண்ணுக்கு இருப்பதைச் சரிபார்த்த பின்னரே பதிவைத் தொடங்க வேண்டும். கணக்குகளில் நுழைவதற்கான குறியெண்களை உண்டாக்கும் செயலிகளும் இவ்வாறே. அவற்றைப் புதிய கருவியில் அமைத்து, ஒருமுறை நுழைந்து பார்க்கும்வரை பழைய கருவியை அழிக்கக் கூடாது.

ஐபோனை விடுபவருக்கு

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுபவர் இரண்டினைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, ஐபோன் பயனர்களுக்குள் செய்தி பரிமாற 2011-இல் ஏற்பட்ட ஐமெசேஜ். எண் அச்சேவையில் பதிவாகியே இருந்தால், பிற ஐபோன்களிலிருந்து வரும் செய்திகள் புதிய கருவியை அடையாமற் போகலாம். அனுப்பியவரும் அதனை அறியார். சிம்மை எடுப்பதற்கு முன் ஐமெசேஜை நிறுத்திவிட வேண்டும். மறந்தவர்களுக்காகப் பதிவை நீக்கும் இணையப்பக்கம் ஒன்றை ஆப்பிள் 2014-இல் ஏற்படுத்தியது. இரண்டாவது, படங்களின் வடிவம். 2017 முதல் ஐபோன்கள் இடச் சிக்கனம் கருதிப் படங்களை ஹெயிக் வடிவில் சேமிக்கின்றன. புதிய ஆண்ட்ராய்டு கருவிகள் இதனைத் திறக்கும். பழைய கணினிகளும் சில அலுவலகத் தளங்களும் ஏற்பதில்லை. அத்தகைய இடங்களுக்கு அனுப்பும் படங்களை ஜேபெக்காக மாற்றிக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவற்றின் வரிசை

1. செயலிகளின் பட்டியல் ஒன்றைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் புதிய இயங்குதளத்தில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

2. அனுப்பாத படிவங்கள் யாவற்றையும் அனுப்பி, அவை வழங்கியை அடைந்ததை உறுதி செய்ய வேண்டும்.

3. பெயர்கள் எங்கே சேமிக்கப்பட்டுள்ளன என்று நோக்க வேண்டும். கூகுள் கணக்கில் உள்ளவை இரு இயங்குதளங்களிலும் கிடைக்கும். கருவியில் மட்டும் உள்ளவையே தவறிப்போகின்றன. அவற்றை வி-கார்டு கோப்பாக எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும்.

4. படங்களையும் ஆவணங்களையும் கணினியிலோ இணையக் கணக்கிலோ பிரதி செய்ய வேண்டும்.

5. இரு கருவிகளையும் மின்னூட்டத்தில் வைத்து, இடமாற்றம் முடியும்வரை வேறு பணி செய்யாதிருக்க வேண்டும்.

6. முடிந்தபின் எண்ணிக்கை பார்க்க வேண்டும். பழைய கருவியில் உள்ள பெயர்களின் தொகையும் புதியதில் உள்ள தொகையும் ஒத்திருத்தல் வேண்டும்.

7. சில நாட்களேனும் பழைய கருவியை அழிக்காமல் வைத்திருத்தல் நன்று. இடமாற்றம் என்பது பிரதி செய்தலே. மூலம் பழைய கருவியில் அப்படியே இருக்கும்.

பழைய கருவியை ஒப்படைத்தல்

அலுவலகக் கருவியைத் திரும்ப ஒப்படைப்பவர், தம் தகவலை அழிப்பதோடு கணக்குப் பூட்டையும் நீக்குதல் கடமையாகும். திருட்டைத் தடுக்கும் பொருட்டு ஐபோனில் 2013 முதலும் ஆண்ட்ராய்டில் 2015 முதலும் இப்பூட்டு உள்ளது. கணக்கிலிருந்து வெளியேறாமல் கருவி அழிக்கப்பட்டால், அடுத்து அதனைப் பெறுபவரிடம் அது முந்தையவரின் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். அப்போது நல்ல கருவியும் பயனற்றதாகிவிடும். அமைப்புப் பகுதியில் கணக்கை நீக்கிய பின்னரே முழு அழிப்பைச் செய்ய வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

பொது வடிவத்தின் பயனை மாணவர்க்குக் காட்ட ஆசிரியருக்கு வி-கார்டு கோப்பே போதும். கற்பனைப் பெயர் ஒன்றைக் கைப்பேசியில் பதிந்து, அதனைக் கோப்பாக எடுத்து, கணினியில் எளிய உரைத்தொகுப்பியில் திறந்தால் அதன் உள்ளமைப்பு தெரியும். எஃப்.என். என்ற குறிக்குப் பின் முழுப்பெயரும், டெல் என்ற குறிக்குப் பின் எண்ணும் இருக்கக் காணலாம். சில கோப்புகளில் தமிழ்ப் பெயர், சமக்குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த வரிசையாகத் தோன்றும். அது பழுதன்று. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளைக் கொள்ளும்; 'மணி' என்னும் சொல்லில் ம, ண, இகரக் குறி ஆகிய மூன்றும் சேர்ந்து 9 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியோடு எழுதப்படுவதால் 9 சமக்குறிகளை மாணவர் எண்ணிச் சரிபார்க்கலாம். அதே கோப்பை ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் திறந்தால் இரண்டிலும் ஒரே பெயர் தோன்றும்.

கருவிகள் சில ஆண்டுகளில் மாறுவன. அவற்றில் சேர்த்த பதிவுகளோ அதற்கு மேலும் தேவைப்படுவன. ஆகவே மாற்றும் நாளில் மட்டுமன்றி, பதிவுகளைத் தொடங்கும் நாளிலேயே அவற்றைப் பொதுவான வடிவில் வைப்பதும், குறித்த காலங்களில் வேறிடத்தில் பிரதி எடுப்பதும் வழக்கமாதல் வேண்டும். அவ்வழக்கமுடையவர்க்கு எந்த இயங்குதளத்திற்கு மாறுவதும் ஒரு பிற்பகலில் முடியும் பணியே.