ஆக்சிஜன் போதாதபோது செல்கள் ஆற்றல் பெறுவது எப்படி? மலையேறுவோர் அறிய வேண்டியவை

கோயம்புத்தூருக்கு மேற்கே உள்ள வெள்ளியங்கிரியில், ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் மே வரையிலான பருவத்தில் ஏராளமான பக்தர்கள் ஏழு மலைகளைக் கடந்து செல்கின்றனர். செங்குத்தான பாதையில் ஏறும்போது கால் தசைகள் எரிவதும் மூச்சு வாங்குவதும் இயல்பு. மார்பில் தோன்றும் அழுத்தம் இயல்பானதன்று. இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்திருப்பது உயிர் காக்கும்.

நொதித்தல் என்றால் என்ன?

அரைத்து வைத்த இட்லி மாவு ஓரிரவில் பொங்கிப் புளிக்கிறது. மாவிலுள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தாமலே சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. அப்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் புளிப்பைத் தருகிறது. கார்பன் டை ஆக்சைடு வாயு மாவைப் பொங்கச் செய்கிறது. இதுவே நொதித்தல்.

நம் தசைகளில் என்ன நிகழ்கிறது?

வேகமாக ஏறும்போது, தசைகளின் ஆற்றல் தேவையை ஆக்சிஜன் வழி மட்டும் நிறைவு செய்ய இயலாது. அப்போது தசைச் செல்களும் நொதித்தலைப் போன்ற வழியில் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றுகின்றன. இங்கு வாயு உண்டாவதில்லை.

செல்கள் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு ஏடிபி எனப்படும். ஆக்சிஜன் துணையுடன் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏடிபி கிடைக்கும். ஆக்சிஜன் இன்றி 2 மட்டுமே கிடைக்கும். இவ்வழி விரைவானது, ஆனால் நெடுநேரம் கைகொடுக்காது.

ஓய்வெடுத்தால் கால் எரிச்சல் சில நிமிடங்களில் தணியும். லாக்டேட் கழிவுப்பொருள் அன்று. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. இதயமும் அதை எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. மறுநாள் தோன்றும் தசைவலிக்குக் காரணம் லாக்டேட் அன்று. தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவே.

இதயத்தசை ஏன் வேறுபட்டது?

கால்கள் நின்று ஓய்வெடுக்கலாம். இதயம் நிற்க இயலாது. அதன் ஆற்றலில் பெரும்பகுதி ஆக்சிஜன் வழியாகவே கிடைக்கிறது. இதய இரத்தக்குழாய் சுருங்கியிருந்தால், ஏறும்போது கூடும் தேவைக்கு ஏற்ற ஆக்சிஜன் சென்று சேராது. குழாய் முழுமையாக அடைபட்டால், சுமார் அரை மணி நேரத்திலேயே இதயத்தசைச் செல்கள் இறக்கத் தொடங்கும்.

மலையேறும் முன்

இதய நோய், ஆஸ்துமா போன்ற மூச்சுக் கோளாறு உள்ளோர் மலையேற்றத்தைத் தவிர்க்கவும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தசோகை உள்ளோர் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே முடிவு செய்யவும்.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

- மார்பில் அழுத்தம், இறுக்கம் அல்லது வலி
- இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி
- குளிர்ந்த வியர்வை, குமட்டல், மயக்கம்
- நின்ற பின்னும் தணியாத மூச்சுத்திணறல்

நீரிழிவு உள்ளோருக்கு மார்வலி இன்றியும் மாரடைப்பு ஏற்படலாம்.

உடன் செல்வோர் செய்ய வேண்டியவை

பாதிக்கப்பட்டவரை உடனே சாய்ந்தவாறு அமரச் செய்யவும். நடக்க விட வேண்டாம். வனத்துறைப் பணியாளருக்குத் தெரிவித்து, 108 எண்ணை அழைக்கவும். ஓய்வெடுத்ததும் மார்வலி நின்றுவிட்டாலும் பயணத்தைத் தொடர வேண்டாம். அது இதயத்திற்கு ஆக்சிஜன் போதவில்லை என்பதன் எச்சரிக்கையாக இருக்கலாம். அன்றே மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ளவும்.