அமெரிக்க வரி பற்றி உங்கள் தொகுதி எம்.பி. எழுதுகிறார்... அவரால் என்ன செய்ய முடியும்?

கொசு மருந்து அடிக்கும் தேதி, நடைபாதைக் கூரை, புதிய உடற்பயிற்சிக் கருவிகள்... இவற்றுக்கு நடுவே "அமெரிக்க வரிவிதிப்பு பற்றி நாடாளுமன்றத்தில் பேசினேன்" என்று ஒரு வரி. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் செய்திமடலிலோ இன்ஸ்டகிராமிலோ இப்படி ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம்.

"வாஷிங்டன்ல எடுக்கிற முடிவுக்கு நம்ம தொகுதி எம்.பி. என்ன பண்ண முடியும்?"

நியாயமான கேள்விதான்.

இது ஏன் நம் வீட்டு விஷயம்?

சிங்கப்பூரின் மொத்த வர்த்தகம் அதன் பொருளியலைப்போல் சுமார் மூன்று மடங்கு. வெளியுறவும் வேலைவாய்ப்பும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

2025 ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்கா உலக நாடுகள்மீது வரியை அறிவித்தது. சிங்கப்பூருக்கு 10 விழுக்காடு. இத்தனைக்கும் இரு நாடுகளுக்கும் இடையில் 2004 முதல் தடையற்ற வர்த்தக உடன்பாடு நடப்பில் உள்ளது. அமெரிக்கப் பொருள்களுக்கு நாம் இறக்குமதி வரி விதிப்பதில்லை. நம்மிடம் வாங்குவதைவிட நமக்கு விற்பதுதான் அமெரிக்காவுக்கு அதிகம். அப்படியும் வரி!

அடுத்த சில நாள்களில் வர்த்தக, தொழில் அமைச்சு அந்த ஆண்டின் வளர்ச்சி முன்னுரைப்பை 1 முதல் 3 விழுக்காடு என்பதிலிருந்து 0 முதல் 2 விழுக்காட்டுக்குக் குறைத்தது. ஆகஸ்ட்டில் அதை மீண்டும் உயர்த்தியது. இடைப்பட்ட மாதங்களில் முதல் வேலை தேடிய பட்டதாரிக்கு அந்த எண்கள் வெறும் எண்களாக இருந்திருக்காது.

உடன்பாடு செய்வது யார்?

அரசாங்கம். வெளிநாட்டு உடன்பாட்டில் கையெழுத்திட இங்கே நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. அதற்காக உள்ளூர்ச் சட்டத்தை மாற்றவேண்டி வந்தால்தான் மசோதா நாடாளுமன்றத்துக்கு வரும். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார உடன்பாடும் அரசாங்கங்கள் பேசி முடித்ததுதான்.

அதனால் அமைச்சர் பதவியில் இல்லாத ஓர் எம்.பி., "இந்த உடன்பாட்டை நான் கொண்டுவந்தேன்" என்ற தொனியில் எழுதினால் கொஞ்சம் புருவத்தை உயர்த்தலாம்.

அப்போ அவர் கையில் என்ன இருக்கு?

முதலில், கேள்வி. ஓர் அமர்வுக்கு ஒருவர் ஐந்து கேள்விகள்வரை கொடுக்கலாம். அவற்றில் மூன்றுக்கு வாய்மொழிப் பதில் கேட்கலாம். அமைச்சர் பதில் சொன்னதும் துணைக் கேள்வி கேட்கவும் வாய்ப்புண்டு.

சாதாரண விஷயம் மாதிரி தெரியும். ஆனால் "வரியால் பாதிப்பு இருக்குமா?" என்று கேட்டால் "அணுக்கமாகக் கவனித்து வருகிறோம்" என்பதோடு பதில் முடிந்துவிடலாம். "மின்னணுத் துறையில் எத்தனை பேர் ஆட்குறைப்புச் செய்யப்பட்டனர், அவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதத்துக்குள் வேலை கிடைத்தது?" என்று கேட்டால் நழுவுவது கஷ்டம். எண்ணைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏன் சொல்லவில்லை என்று விளக்க வேண்டும். இரண்டுமே பதிவாகும்.

அடுத்தது வரவுசெலவுத் திட்ட விவாதம். ஒவ்வோர் அமைச்சின் செலவையும் தனித்தனியாக அலசும்போது, "இந்த அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும்" என்று எம்.பி.க்கள் முன்மொழிவார்கள். பல பில்லியன் வெள்ளியில் வெறும் 100 வெள்ளி! யாரும் உண்மையில் பணத்தைக் குறைக்கப்போவதில்லை. அந்த அமைச்சரிடம் அந்தத் தலைப்பைப் பேச அதுதான் நுழைவுச்சீட்டு. பேசி முடித்ததும் முன்மொழிவை மீட்டுக்கொள்வார்கள். வெளியுறவு அமைச்சுக்கும் இதே முறைதான்.

"அரசாங்க நாடாளுமன்றக் குழுவில் இருக்கிறேன்" என்றும் சிலர் எழுதுவார்கள். 1987ல் மக்கள் செயல் கட்சி தொடங்கிய ஏற்பாடு அது. அதில் இருப்பவர்கள் ஆளுங்கட்சி எம்.பி.க்கள் மட்டுமே.

தீர்மானமும் கொண்டுவரலாம். இஸ்ரேல்-ஹமாஸ் போர் குறித்து 2023 நவம்பர் 6ஆம் தேதி ஆளுங்கட்சி எம்.பி.க்கள் கொண்டுவந்த தீர்மானத்தை எதிர்க்கட்சியினரும் ஆதரித்தார்கள். அதனால் போர் நிற்கவில்லைதான். ஆனால் சிங்கப்பூரின் நிலைப்பாடு ஒரு கட்சியின் கருத்து மட்டுமல்ல என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. சின்ன நாட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

செய்திமடலை எப்படிப் படிப்பது?

வினைச்சொல்லைப் பாருங்கள். "கேட்டேன்", "வாக்களித்தேன்", "பேசினேன்" என்றால் அது அவர் செய்தது. "அறிமுகமானது", "வழங்கப்படும்" என்றால் பெரும்பாலும் அரசாங்கம் செய்தது. விருப்பமின்றி வேலையிழந்த, தகுதிபெறும் குடிமக்களுக்கு ஆறு மாதங்களில் 6,000 வெள்ளிவரை தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் இரண்டாவது வகை. அதைப் பற்றி உங்கள் எம்.பி. கேட்ட கேள்வி முதல் வகை.

கேட்டதாகச் சொன்னால், என்ன பதில் வந்தது என்றும் தேடிப் பாருங்கள். நாடாளுமன்ற உரைகளின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 முதல் அமர்வுகள் நேரலையாகவும் வருகின்றன.

உங்களுக்கே கேட்க ஏதாவது இருக்கா? நிறுவனத்தில் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்களா? மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்குப் பார்க்கிங் அபராதத்தோடுதான் போக வேண்டும் என்றில்லை, இதையும் கொண்டுபோகலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: அமர்வுக்குக் குறைந்தது ஏழு முழு நாள்களுக்கு முன்பே எம்.பி. கேள்வியைக் கொடுத்தாக வேண்டும். முந்தின நாள் மின்னஞ்சல் அனுப்பினால் அது அடுத்த அமர்வுக்குத்தான் போகும்.