சளிக்கு எதற்கு அசித்ரோமைசின்?

சித்தூரில் ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, “பையனுக்குச் சளி, காய்ச்சல்ணா. ரெண்டு நாளைக்குக் குடுங்க” என்றார். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. அசித்ரோமைசின் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்து, பாராசிட்டமாலும் சேர்த்துக் காகிதக் கவரில் போட்டார். வெட்டிய துண்டில் காலாவதித் தேதி இல்லை. டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்று எச்சரிக்கிற சிவப்புக் கோடும் கடையிலேயே தங்கிவிட்டது.

சாதாரணச் சளியும், பருவம் மாறும்போது வரும் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸின் வேலை. அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் தாக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. பிறகு ஏன் ‘அந்த மாத்திரை போட்டாத்தான் கேக்குது’ என்கிறோம்? நாம் கடைக்குப் போவதே உடம்பு ரொம்பப் படுத்துகிற இரண்டாம், மூன்றாம் நாளில். அதற்குள் உடம்பே கிருமியோடு போராடி முக்கால்வாசி முடித்திருக்கும். நாலாம் நாள் காய்ச்சல் தானாக விடும். நல்ல பெயர் மாத்திரைக்குப் போகும். அடுத்த முறையும் அதே அட்டையைக் கேட்போம். 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே சொன்னது: இந்தக் காய்ச்சல் மூன்று நாளில் இறங்கும், இருமல் மூன்று வாரம் வரை இழுக்கலாம், ஆன்டிபயாடிக் வேண்டாம்.

நஷ்டம் காசோடு போவதில்லை. மருந்துக்குச் சாகாத பாக்டீரியா உடம்பில் மிஞ்சிப் பெருகும். நாளைக்கு நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்தால் அதே மருந்து கேட்காமல் போகலாம். இப்படி மருந்துக்கு அடங்காத தொற்றால் 2019-ல் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ‘லான்செட்’ ஆய்வு கணக்கிட்டது.

கடையில் மாத்திரை என்றால், கிராமத்தில் ஆர்.எம்.பி. என்று சொல்லப்படும், மருத்துவப் பட்டம் இல்லாத ஊர் வைத்தியரிடம் போனால் ஊசி. மழைக்காலத்தில் அதைத்தான் நினைத்துப் பயப்படுகிறேன். உடம்பு வலிக்கென்று போடும் டைக்ளோஃபெனாக், டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை மோசமாக்கும். காய்ச்சலுக்கு அளவோடு பாராசிட்டமால், கஞ்சி, இளநீர், மிளகு ரசம், ஓய்வு போதும்.

மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் அடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ திருப்பதி ரூயா அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள வேறு அரசு மருத்துவமனைக்கோ உடனே போங்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து அதிகம்; அப்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் தாமதிக்கவே கூடாது. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்கென்று கேளுங்கள், சொன்ன நாள்வரை போடுங்கள். கடையில் வெட்டித் தந்தால் முழு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சிவப்புக் கோடு இருந்தால், சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.